ஒரே குட்டையில் ஒத்து வளரும் மீன்கள்

சென்ற தை மாதத்தில் நம் வட்டத்தைச் சேர்ந்த ஒரு சங்கத்தின் பதிவேடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நெசவாளரும் விவசாயிகளும் சரிபாதியாக அங்கம் வகிக்கும் சங்கம் அது. கடன் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கையில் தலைவர் ஒரு மனுவை எடுத்து முன்னே வைத்தார். மனுதாரர் மஞ்சளும் கரும்பும் பயிரிடுபவர். தம் நிலத்தில் 25 சென்ட் பரப்பில் வெட்டிய பண்ணைக் குட்டையில், சங்கத்தில் கடன் பெற்று, ஆடி மாதம் 600 மீன் குஞ்சுகள் விட்டதாகவும், மார்கழியில் வலை போட்டுப் பார்த்தபோது பத்து மீன்கூட அகப்படவில்லையென்றும், குட்டைக்கு அடுத்த வீட்டில் தறி நெய்யும் அங்கத்தினரே இரவில் பிடித்திருக்க வேண்டுமென்றும், அவர் சங்கத்தில் போட்டுவைத்திருக்கும் வைப்புத் தொகையை எடுத்துத் தம் கடனில் வரவு வைக்க வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. இதற்கு அவர் காட்டிய சான்று ஒன்றே ஒன்று: நெசவாளர் வீட்டுத் தறிக்கூடத்தில் நடுநிசி வரையில் விளக்கெரிகிறது.

ஒருவருடைய வைப்புத் தொகையை மற்றொருவர் கடனுக்கு ஈடு செய்யச் சட்டத்தில் இடமில்லை. அது ஒருபுறமிருக்க, இருவரையும் அழைத்து விசாரித்தோம். நெசவாளர், “ஐயா, பொங்கலுக்குள் கொடுத்தாக வேண்டிய சேலை தறியில் கிடந்தது. விளக்கில்லாமல் எப்படி நெய்வேன்?” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச மறுத்துவிட்டார். அவர் பேசாதிருந்ததே நமக்கு ஐயத்தை விளைவித்தது. அறிக்கையில் அவருக்கு எதிராக இரண்டு வரி எழுதவும் தொடங்கிவிட்டோம். இதை அங்கத்தினர்களுக்கு ஒளிக்க வேண்டியதில்லை.

அப்போது நிர்வாகக் குழுவின் முதியவர் ஒருவர் மனுதாரரைப் பார்த்து, “குஞ்சு விட்டாயே மாப்பிள்ளை, அதோடு வேறென்ன விட்டாய்?” என்று கேட்டார். மனுதாரர் சற்றுத் தயங்கினார். பிறகு, தம் மைத்துனர் கிணற்றில் பிடித்துக் கொடுத்த, சாண் நீளமுள்ள விரால்கள் இருபதையும் விட்டதாகச் சொன்னார். விராலுக்கு விலை அதிகமல்லவா, இருக்கிற தண்ணீரில் அதுவும் வளரட்டுமே என்று எண்ணினாராம். முதியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் குட்டையின் நீரைக் கரும்புக்கு இறைத்தார்கள். அடியில் சேறு தெரிந்தபோது 17 விரால்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கெண்டைகள் 38 மட்டுமே எஞ்சியிருந்தன. ஒரு விராலை அறுத்துப் பார்த்ததில் பாதி செரித்த கெண்டையொன்று வயிற்றில் கிடந்தது. எழுதிய இரண்டு வரிகளையும் அடித்துவிட்டோம். மனு திரும்பப் பெறப்பட்டது. கடன் மட்டும் நின்றது. அதன் தவணையை இன்னும் அவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இத்தகைய நஷ்டம் ஒரு சங்கத்தோடு நிற்பதன்று. பண்ணைக் குட்டைகள் ஊர்தோறும் பெருகிவருகின்றன. நீர் நிற்கும் மாதங்களில் அதில் மீன் வளர்த்தால் கூடுதல் வரும்படி உண்டு என்பதை அறியாதவர் இல்லை. ஆனால் எந்த மீனை எந்த மீனோடு விடுவது என்பதைக் கேட்டறிந்து விடுபவர் சிலரே. ஆகவே அதுபற்றி இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஒரு மீனைக் குட்டையில் விடுமுன் அதைப்பற்றி மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். அது என்ன தின்னும்? நீரில் எந்த மட்டத்தில் நின்று தின்னும்? நம் குட்டையிலேயே குஞ்சு பொரித்துப் பெருகுமா? முதலிரண்டு கேள்விகளுக்கும் விடையை மீனின் வாயைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். வாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் அது மேல்மட்டத்து மீன். கீழ்நோக்கியிருந்தால் அடிமட்டத்தில் மேய்வது. வாய் அகன்று உள்ளே கூரிய பற்கள் இருந்தால் அது பிற மீன்களைத் தின்னும். அதைத் தனியே வைக்க வேண்டும்.

நம் நாட்டில் குளத்து மீன் வளர்ப்பு என்றால் முதலில் நிற்பவை கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்று பெருங்கெண்டைகள். மூன்றும் கங்கை முதலிய வடபுலத்து ஆறுகளில் நெடுங்காலமாக ஒருங்கே வாழ்ந்துவருபவை. ஒரே ஆற்றில் ஒருங்கே வாழ்வதற்கேற்ப மூன்றும் நீரைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கட்லாவின் தலை பெரிது, வாய் மேல்நோக்கியது, மீசை இல்லை. அது நீரின் மேல்மட்டத்தில் திரிந்து, கண்ணுக்குப் புள்ளி புள்ளியாகத் தோன்றும் நுண்பூச்சிகளை நீரோடு வடிகட்டி உண்ணும். மூன்றனுள் விரைந்து வளர்வது இதுவே. இடமும் உணவும் போதிய அளவு கிடைத்தால் ஓராண்டில் ஒரு கிலோவைத் தாண்டும். ரோகுவின் உடல் நீண்டு உருண்டிருக்கும். வாய் சிறிது, கீழுதடு ஓரத்தில் சேலை முந்தானைக் குஞ்சம்போல் நறுக்கு நறுக்காக இருக்கும். அது நடுமட்டத்தில் நின்று, பாசியையும் அழுகிய தாவரப் பொருள்களையும் அவ்வுதட்டால் வழித்தெடுத்து உண்ணும். சந்தையில் ருசிக்காக மக்கள் விரும்பிக் கேட்பது ரோகு. மிர்கால் வெள்ளி நிறமாய் ஒல்லியாக இருக்கும். குட்டையின் தரையிலேயே மேய்ந்து, மேலேயிருந்து விழுந்து மக்கும் கழிவுகளைத் தின்னும். வளர்ச்சி சற்று மெதுவுதான். எனினும் அடியில் சேரும் கழிவைக் காசாக்கித் தருவதால் அதை ஒதுக்கிவிடுவது தவறு.

கட்லாவை மட்டும் 500 விட்டால் என்ன என்று கேட்பவர் உண்டு. விடலாம். ஆனால் 500 வாய்களும் மேல்மட்டத்து உணவுக்கே போட்டியிடும். நடுமட்டத்துப் பாசியும் அடிமட்டத்துக் கழிவும் தின்பாரற்றுக் கிடந்து அழுகி நீரைக் கெடுக்கும். மீன்கள் எல்லாம் அரைக் கிலோவில் நின்றுவிடும். பாவு நிறைய நூலிருந்தும் ஊடு இல்லாவிட்டால் துணியாவதில்லை என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இம்மூன்று கெண்டைகளுக்கும் மற்றொரு நற்குணம் உண்டு. அவை தேங்கிய குட்டை நீரில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. மழைக்காலத்து வெள்ளத்தில், ஓடும் ஆற்றில்தான் இனப்பெருக்கம் செய்யும். ஆகவே நாம் விட்ட எண்ணிக்கைக்கு மேல் குட்டையில் வாய்கள் கூடா. போடும் தீவனம் விட்ட மீனுக்கே சேரும். ஆனால் இந்தக் குணமே ஒரு காலத்தில் பெரிய இடையூறாக இருந்தது. குஞ்சு வேண்டுமானால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டிப் பிடிக்க வேண்டும். கொசுவளவு குஞ்சுகளில் எது கெண்டை, எது வாளை என்று பிரித்தறிய எவராலும் முடியாது. வளர்ப்பவர் காசு கொடுத்து வாங்கிய பானையிலேயே பகைவனும் சேர்ந்து வந்துவிடுவான். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒடிஷாவிலுள்ள அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் பெருங்கெண்டைக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அதன்பின் ஒரே இனக் குஞ்சைத் தனியாகப் பெற வழி பிறந்தது. அந்நாளையே இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகின்றனர். எந்த மீனோடு எந்த மீன் என்று நாம் இன்று எண்ணிப் பார்த்து விடுவது அன்று கிடைத்த வசதியினால்தான்.

ஆயினும் பொரிப்பகங்களில் கவனக்குறைவால் கட்லாவும் ரோகுவும் கலந்த கலப்புக் குஞ்சுகள் பிறப்பதுண்டு. இவை தாய் தந்தை இரண்டின் குணத்தையும் அரைகுறையாகக் கொண்டு எந்த மட்டத்தையும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. குஞ்சு வாங்குகையில் பத்தைக் கையிலெடுத்துத் தலையையும் உதட்டையும் பார்த்து வாங்குவது நல்லது. ரோகு வாங்குவோர் ‘ஜெயந்தி ரோகு’ கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் நார்வே நாட்டு விஞ்ஞானிகளின் துணையோடு, தலைமுறை தலைமுறையாக விரைந்து வளர்பவற்றைப் பொறுக்கியெடுத்து உருவாக்கிய வகை அது. சுதந்திரப் பொன்விழாக் காலத்தில் வெளிவந்தமையால் அப்பெயர் பெற்றது.

நம் மூன்று கெண்டைகளோடு சேர்ந்து வளரத்தக்க வெளிநாட்டுக் கெண்டைகளும் மூன்று உண்டு. பல மீன்களை ஒரே குளத்தில் கலந்து வளர்க்கும் கலையில் சீனர் மூத்தவர். தாங் வமிசத்தார் சீனத்தை ஆண்ட காலத்தில், அரச குலத்தின் பெயராகிய ‘லீ’ என்பதும் சாதாக்கெண்டையின் சீனப் பெயரும் ஒரே ஒலியுடையனவாக இருந்தமையால் அம்மீனைப் பிடிப்பதும் விற்பதும் தடுக்கப்பட்டன என்பர். பிழைப்பிழந்த மீன் வளர்ப்போர் வேறு கெண்டைகளை நாடிச் சென்று, அவற்றைக் கலந்து வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள் என்றும் கூறுவர். அரசனுடைய பெயர்ப் பற்றால் ஊராருக்கு விளைந்த நன்மைகளில் இதுவும் ஒன்று போலும்!

அச்சீனக் கெண்டைகளுள் வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் 1959-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. வெள்ளிக்கெண்டை, நீரைப் பச்சையாக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும். மிக விரைவாக வளரும். ஆனால் அதுவும் கட்லாவைப் போல் மேல்மட்டத்து மீன். உணவு வேறாயினும், இரண்டையும் நெருக்கி விட்டால் கட்லாவின் வளர்ச்சி குன்றுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். மேலும், பிடித்த சில மணி நேரத்தில் அதன் தசை தளர்ந்துவிடும், முள்ளும் அதிகம், நம் பக்கத்துச் சந்தைகளில் கேட்பார் குறைவு. ஓசை கேட்டால் நீரை விட்டு ஆள் உயரம் துள்ளுவதால் வலையிலும் நிற்காது. சிறு குட்டை வைத்திருக்கும் அங்கத்தினர் இதை விடாதிருத்தலே நலம் என்பது நம் அபிப்பிராயம். மாற்று அபிப்பிராயம் உடையோரும் உளர்.

புல்கெண்டை அப்படியன்று. அது முழுத் தாவர உண்ணி. நீரில் முளைக்கும் வேலம்பாசி முதலிய பாசிகளையும், நாம் போடும் அசோலா, தீவனப் புல், மல்பெரி இலை முதலியவற்றையும் தின்னும். வெயில் காலத்தில் நாளொன்றுக்குத் தன் எடைக்குச் சமமான புல்லைத் தின்னக்கூடியது. தின்றதில் பெரும்பகுதி அரைகுறையாகச் செரித்து வெளிவந்து குட்டைக்கு உரமாகும். அவ்வுரத்தில் நுண்பாசியும் நுண்பூச்சியும் பெருகி மற்ற மீன்களுக்கு உணவாகும். மாடு இல்லாத அங்கத்தினரின் குட்டையில் இருபத்தைந்து புல்கெண்டைகள் மாடு கட்டியதற்கு ஒப்பாகும். இதில் அளவு முக்கியம். புல் போட முடியாதவர் இதை அதிகம் விட்டால், மற்ற மீனுக்குப் போடும் தவிடு புண்ணாக்கையும் இதுவே அள்ளித் தின்றுவிடும்.

சாதாக்கெண்டை எதையும் தின்னும். அடிமட்டத்தில் சேற்றைக் கிளறிப் புழுக்களைத் தேடும். அக்கிளறலால் சேற்றிலடங்கிய உரச் சத்து நீரில் கலப்பது ஒரு பயன். ஆனால் மண் கரையாயின் கரையோரத்தைக் குடைந்து சரிக்கும். நீர் கலங்கியே கிடக்கும். அன்றியும் இது தேங்கிய நீரிலேயே, பாசியில் ஒட்டும்படி முட்டையிட்டுப் பெருகும். ஓராண்டுக்குள் பிடித்துவிடுபவர்க்கு இது பெரிய தொல்லையாகாது. இரண்டாண்டு வைத்திருப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, சேர்க்கத் தகாதவை. விரால் நல்ல மீன். கெட்ட மீன் என்று எவரும் சொல்லவில்லை. காற்றை நேராகச் சுவாசிப்பதால் நீர் குறைந்த இடத்திலும் உயிர் வாழும். சந்தையில் உயிரோடு விற்கலாம். விலையும் கெண்டையைவிட உயர்வு. அதைத் தனிக் குட்டையில், தனிக் கணக்கில் வளர்ப்பவர்கள் லாபம் கண்டிருக்கிறார்கள். கெண்டைக் குஞ்சுகளோடு சேர்ப்பதுதான் பிழை. நாமே விடாவிட்டாலும் அது தானே வந்து சேரும். மழை இரவில் ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். குட்டையின் மேல்நீரில் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நகர்வதைக் கண்டால், அடியில் தாய் விரால் காவலிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். குறவை, வாளை, கெளுத்தி ஆகியவற்றையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்க.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றித் தனியே எச்சரிக்கை செய்ய வேண்டும். கழிவு நீரிலும் வளரும், மாதம் சிலவற்றில் கிலோக் கணக்கில் எடை வைக்கும் என்று சொல்லிக் குஞ்சு விற்க வருவோர் உண்டு. அது எதிர்ப்பட்ட மீனையெல்லாம் தின்பது. வெள்ளத்தில் தப்பி ஏரி ஆறுகளில் புகுந்தால் நம் நாட்டு மீன்களை அழித்துவிடும். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்துவிட்டது. தடை செய்த மீனை வளர்ப்பவருக்குச் சங்கத்தில் கடன் கொடுக்க இயலாது. பெருந்தலைக் கெண்டை என்னும் சீன மீனும் அனுமதி பெறாததே. அது கட்லாவின் உணவையே உண்பது. கட்லா குஞ்சு என்று சொல்லி இதைக் கொடுத்துவிடுவதும் உண்டு.

ஜிலேபிக் கெண்டை பிற மீன்களைப் பெரிதாகத் தின்பதில்லை; அதன் தீங்கு வேறு. 1952-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்த இம்மீன் இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கும். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். ஆகவே சேதமின்றிப் பெருகும். பத்து விட்டால் ஆண்டு முடிவில் குட்டை நிறைய விரல் நீள மீன் இருக்கும். பெருங்கெண்டைக்குப் போட்ட தீவனம் அவற்றின் வயிற்றில் போயிருக்கும். இதன் மேம்படுத்திய வகையொன்றை வளர்க்க அரசின் அனுமதி உண்டு. அதற்கென்று விதிகள் இருக்கின்றன. அதுவும் தனிக் குட்டைக்கே உரியது.

சேர்மானம் சரியாயிருந்தும் அளவு வேறுபட்டால் தொல்லையே. சென்ற ஆண்டு பிடிபடாது தங்கிய கிலோ எடைக் கெண்டைகள் இருக்கும் குட்டையில் புதுக் குஞ்சு விட்டால், தீவனத்தில் பெரியவற்றின் முன் சிறியவை நிற்க இயலாது. எல்லாவற்றையும் பிடித்து ஒழித்த பிறகே புதுக் குஞ்சு விட வேண்டும். குஞ்சுகளும் நான்கு அங்குலத்துக்குக் குறையாத விரலிகளாக, ஏறக்குறைய ஒரே அளவினவாக இருக்கட்டும். சிறிய குஞ்சு விலை மலிவு என்று வாங்கினால் தவளைக்கும் பாம்புக்கும் நீர்ப்பூச்சிக்கும் பங்கு போகும்.

பழைய மீன்களை ஒழிக்க, வற்றவிட்டுக் காயவைப்பதே மேலான வழி. அது முடியாத இடத்தில் இலுப்பைப் புண்ணாக்கு உதவும். மூன்றடி நீர் நிற்கும் 25 சென்ட் குட்டைக்கு 200 முதல் 250 கிலோ வரை தேவைப்படும். நீரை முடிந்தவரை இறைத்துவிட்டு ஓரடியில் இட்டால் மூன்றிலொரு பங்கு போதும். ஊறவைத்துக் கரைத்து எங்கும் தெளித்தால் சில மணி நேரத்தில் மீன்கள் மயங்கி மேலே வரும். அவற்றை உண்ணலாம், கெடுதியில்லை. விஷத்தன்மை இரண்டு மூன்று வாரங்களில் நீங்கி, புண்ணாக்கு உரமாகிவிடும். அதற்கு முன் குஞ்சு விடலாகாது. இதைத் தொடர்ந்து 20 முதல் 25 கிலோ சுண்ணாம்பும், ஒரு வாரம் கழித்து 200 கிலோ சாணமும் இட்டு நீர் பசுமை கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். நீர் வரும் வாய்க்காலில் நெருக்கமான நைலான் வலை கட்டுதல் கட்டாயம். நாம் மேலே சொன்ன மனுதாரரின் குட்டையில் அதுவும் இல்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். ஐந்தடி முதல் ஆறடி வரை நீர் நிற்கும் 25 சென்ட் குட்டைக்கு 500 விரலிகள் போதும். தீவனமும் கவனமும் குறையாதவர் 600 வரை போகலாம். அதற்கு மேல் விடுபவர் மீனை வளர்க்கவில்லை, எண்ணிக்கையை வளர்க்கிறார். 500-ஐ நாம் பின்வருமாறு பங்கிடச் சொல்லிவருகிறோம்: கட்லா 175, ரோகு 150, மிர்கால் 75, சாதாக்கெண்டை 75, புல்கெண்டை 25. கரை மண்ணாக இருந்து சரியக்கூடியதாயின் சாதாக்கெண்டையை விட்டுவிட்டு மிர்காலை 150 ஆக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையாயின் அடியில் சேறு இராது. அடிமட்ட மீனுக்கு உணவும் இராது. அங்கே தாளின்மேல் அரையடி மண் பரப்ப வேண்டும். இன்றேல் மிர்காலையும் சாதாக்கெண்டையையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

வளர்ப்பு முறையைப் பற்றி மீன் துறையார் வெளியிட்ட கையேடுகள் நிறைய உள்ளன. ஒன்றிரண்டு மட்டும் சொல்லி அமைகிறோம். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம எடையில் கலந்து, மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நாள்தோறும் இடுவது வழக்கம். 400 மீன்கள் சராசரி கால் கிலோ இருந்தால் மொத்தம் 100 கிலோ. தீவனம் இரண்டு முதல் மூன்று கிலோ. பட்டு நூற்பு நடக்கும் ஊர்களில் கூட்டுப்புழுக் கழிவு கிடைக்கும். உலர்த்திப் பொடித்துப் புண்ணாக்கோடு கலந்தால் தீவனச் செலவு குறையும். சாணம் மாதம் 100 கிலோ அளவில் இடலாம். ஆனால் முழங்கை வரை கையை நீரில் விட்டு உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை தெரியாத அளவு நீர் பச்சையாகிவிட்டால் உரத்தையும் தீவனத்தையும் நிறுத்திவிட வேண்டும். மேகமூட்டமான நாளின் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், நீரில் பிராணவாயு குறைந்துவிட்டதென்று பொருள். உடனே புதுநீர் பாய்ச்ச வேண்டும். மோட்டாரை வைத்துக் குட்டை நீரையே மேலிருந்து கொட்டச் செய்தாலும் ஆபத்து நீங்கும்.

சாயத் தொட்டி நீர் எக்காரணத்தாலும் குட்டைப் பக்கம் போகலாகாது. பூச்சிமருந்து தெளித்த கருவியைக் குட்டையில் கழுவும் பழக்கமும் விவசாயிகளிடம் இருக்கிறது. முதற் குற்றம் நெசவாளருடையது, இரண்டாவது விவசாயியுடையது என்று பங்கிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மீன் இரண்டினாலும் சாகும்.

இவ்வாறு பேணினால் 25 சென்ட் குட்டையில் ஓராண்டில் 250 முதல் 300 கிலோ மீன் எதிர்பார்க்கலாம். நீர் எட்டு மாதமே நிற்கும் குட்டையில் அதற்குத் தக்கபடி குறையும். கிசான் கடன் அட்டை வசதி 2018-19 மத்திய வரவு செலவுத் திட்டத்தின் மூலம் மீன் வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கடன் பெற்றவர் விட்ட குஞ்சின் இனம், எண்ணிக்கை, அளவு, விட்ட தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக் காரியதரிசியின் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். மைத்துனர் கொடுத்த இருபதும் அந்த நோட்டில் ஏறியிருக்குமாயின், ஒரு நெசவாளர் தம் அயலாரால் ஐயுறப்பட்டிருக்க மாட்டார். இரண்டு வீட்டாரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். ஆனால் நெசவாளர் குட்டைப் பக்கத்துச் சன்னலை அடைத்துவிட்டார். அடுத்த முறை போகும்போதும் அது அடைத்தே இருக்குமென்று எண்ணுகிறோம்.

குஞ்சு கொண்டுவந்தவுடன் பையைப் பிரித்துக் கொட்டிவிடாமல், கால் மணி நேரம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, பைக்குள் சிறிது சிறிதாகக் குட்டை நீரைச் சேர்த்து, குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேறும்படி விட வேண்டும். காலை அல்லது மாலை வேளையே ஏற்றது. அரசு மீன் பண்ணைகளில் ஆடி ஆவணியில் விரலிகள் கிடைக்கும். சங்கத்தின் மூலம் சேர்ந்து வாங்கினால் வண்டிச் செலவு குறையுமாதலின், தேவைப்படும் அங்கத்தினர்கள் இனவாரியாக எண்ணிக்கையை எழுதி ஆனி மாத முடிவுக்குள் தத்தம் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்துவிடக் கோருகிறோம்.